கிழிந்த சவ்வும் கரும்புகையும்: ஒரு பழைய பிக்கப் கற்பிக்கும் இயற்பியல்

மாணவர்களே, ஒரு சிறிய துப்பறியும் வேலைக்கு உங்களை அழைக்கிறோம்.

அமெரிக்காவில் 1990களில் விற்கப்பட்ட ஃபோர்டு எஃப்-150 பிக்கப் லாரிகளில் பல இன்றும் பண்ணைகளிலும் சிற்றூர்களிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று, 5.0 லிட்டர் வி-8 பெட்ரோல் எஞ்சின் கொண்டது, திடீரென்று இப்படி நடந்துகொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் சாவியைத் திருப்பினால் உடனே உயிர் பெறுவதில்லை. ஓடத் தொடங்கியதும் புகைக்குழாயில் கரும்புகை வருகிறது. பெட்ரோல் வழக்கத்தைவிட வேகமாகத் தீர்கிறது. எஞ்சின் எண்ணெயின் அளவுகோலை உருவி முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்கிறது.

பம்பு கெட்டுவிட்டது என்கிறார் ஒருவர். இன்ஜெக்டர் ஒழுகுகிறது என்கிறார் இன்னொருவர். பிளக்கை மாற்றிப் பார்க்கலாம் என்கிறார் மூன்றாமவர். மூவர் சொன்னதையும் வாங்கி மாட்டினால் பணம் கரையும். கோளாறு அப்படியே இருக்கும். ஏனெனில் இங்கே குற்றவாளி, உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் உலோகச் சிமிழ். அதன் பெயர் ஃபியூவல் பிரஷர் ரெகுலேட்டர். தமிழில் எரிபொருள் அழுத்தச் சீராக்கி எனலாம்.

அது என்ன செய்கிறது, கெட்டால் எஞ்சினுக்கு என்ன ஆபத்து, அதை எப்படிக் கண்டுபிடித்து மாற்றுகிறார்கள் என்று பார்ப்போம். நீங்கள் பள்ளியில் படித்த அழுத்தப் பாடமே இதற்குப் போதும்.

அழுத்தம் ஏன் மாறக்கூடாது?

பெட்ரோல் எஞ்சினுக்குக் காற்றும் பெட்ரோலும் சரியான விகிதத்தில் கிடைக்க வேண்டும். 1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. பெட்ரோல் கூடினால் எரியாத மிச்சம் கரும்புகையாகப் போகும். குறைந்தால் எஞ்சின் திணறும்.

முன்பு இந்தக் கலவையைக் கார்ப்பரேட்டர் செய்து தந்தது. 1967இல் ஃபோக்ஸ்வாகன் 1600 மகிழுந்தில் போஷ் நிறுவனத்தின் மின்னணு எரிபொருள் தெளிப்பு முறை வந்தது. பிறகு மெல்ல மெல்ல எல்லா நிறுவனங்களும் அந்த வழிக்கு மாறின. இந்த முறையில் கணினி ஒவ்வொரு இன்ஜெக்டரையும் சில மில்லிவினாடிகள் மட்டும் திறந்து மூடுகிறது. எவ்வளவு நேரம் திறந்திருக்கிறதோ அவ்வளவு பெட்ரோல் தெளிக்கப்படும்.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். நேரத்தை மட்டும் வைத்து அளவை எப்படி முடிவு செய்ய முடியும்? குழாயை 5 வினாடி திறந்தால் வாளியில் எவ்வளவு தண்ணீர் விழும் என்று கேட்டால், 'தண்ணீர் எவ்வளவு அழுத்தத்தில் வருகிறது?' என்றுதானே நீங்கள் திருப்பிக் கேட்பீர்கள்? கணினி அப்படிக் கேட்பதில்லை. அழுத்தம் எப்போதும் ஒரே அளவில் இருக்கிறது என்று நம்பித்தான் அது கணக்குப் போடுகிறது. இந்த வகை லாரியில் எரிபொருள் அழுத்தத்தை அளக்கும் உணரியே இல்லை. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவதுதான் ரெகுலேட்டரின் வேலை.

குக்கர் குண்டும் ரெகுலேட்டர் சுருள்வில்லும்

உங்கள் வீட்டுப் பிரஷர் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நீராவி சேரச் சேர அழுத்தம் ஏறுகிறது. ஓர் அளவைத் தாண்டியதும் மேலே இருக்கும் குண்டு தூக்கப்பட்டு, விசில் அடித்து, கூடுதல் நீராவி வெளியேறுகிறது. அழுத்தம் இறங்கியதும் குண்டு மீண்டும் அமர்கிறது. யாரும் பக்கத்தில் நின்று கண்காணிக்கவில்லை. குண்டின் எடையே காவலாளி.

ரெகுலேட்டரிலும் இதே தத்துவம்தான். குண்டுக்குப் பதில் சுருள்வில். சிமிழின் நடுவே ரப்பர் பூசிய ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அதன் ஒரு பக்கம் பெட்ரோல், மறுபக்கம் சுருள்வில். தொட்டியிலிருக்கும் பம்பு எஞ்சினுக்குத் தேவையானதைவிட எப்போதும் அதிகமாகவே பெட்ரோலை அனுப்பும். எஞ்சின் சும்மா ஓடும்போது மணிக்கு 2 அல்லது 3 லிட்டர் போதும்; பம்போ பல பத்து லிட்டர் தள்ளக்கூடியது. அழுத்தம் குறித்த அளவைத் தாண்டினால், பெட்ரோல் சவ்வை அமுக்கி, சுருள்வில்லைச் சுருக்கி, ஒரு வால்வைத் திறக்கிறது. மிகையான பெட்ரோல் தனிக்குழாய் வழியாகத் தொட்டிக்கே திரும்பிவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அழுத்தம் = விசை ÷ பரப்பு. இந்த வி-8 எஞ்சினின் ரெகுலேட்டர் காக்கும் அழுத்தம் ஏறத்தாழ 270 கிலோபாஸ்கல். மெக்கானிக்குகள் பேசும் அளவில் 39 பிஎஸ்ஐ. சவ்வின் பரப்பு 10 சதுர சென்டிமீட்டர், அதாவது 0.001 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விசை = 270,000 × 0.001 = 270 நியூட்டன். ஏறத்தாழ 27 கிலோகிராம் அரிசி மூட்டையின் எடை! அவ்வளவு விசையை அந்தச் சின்னச் சுருள்வில் இரவும் பகலும் தாங்க வேண்டும். சவ்வோ பெட்ரோலில் ஊறியபடி, எஞ்சின் சூட்டில் வெந்தபடி, பல லட்சம் முறை அசைய வேண்டும். 25, 30 ஆண்டுகளில் அது வெடித்துக் கிழிவதில் வியப்பில்லை.

அந்த மெல்லிய ரப்பர்க் குழாய் எதற்கு?

ரெகுலேட்டரின் தலையில் ஒரு மெல்லிய ரப்பர்க் குழாய் செருகப்பட்டிருக்கும். அது எஞ்சினுக்குள் காற்று நுழையும் மெனிஃபோல்டுக்குப் போகிறது. இதை வேக்குவம் ஹோஸ் என்பார்கள்.

எஞ்சின் சும்மா ஓடும்போது காற்று வழி ஏறக்குறைய மூடியிருக்கும். பிஸ்டன்களோ காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் மெனிஃபோல்டுக்குள் அழுத்தம் வளிமண்டலத்தைவிட ஏறத்தாழ 65 கிலோபாஸ்கல் குறைந்துவிடும். இன்ஜெக்டரின் முனை அந்த இடத்தில்தான் இருக்கிறது. பின்னால் பெட்ரோலின் தள்ளல், முன்னால் மெனிஃபோல்டின் உறிஞ்சல். இரண்டும் சேர்ந்தால் பெட்ரோல் அதிகமாகப் பாயும் அல்லவா?

இதைச் சரிக்கட்டவே அந்த ஹோஸ். மெனிஃபோல்டின் குறை அழுத்தம் சுருள்வில் இருக்கும் அறைக்குள்ளும் போகிறது. சுருள்வில்லின் தள்ளலில் ஒரு பகுதி குறைகிறது. வால்வு சற்று எளிதாகத் திறக்கிறது. பெட்ரோல் அழுத்தம் 270இலிருந்து 205 கிலோபாஸ்கலுக்கு இறங்குகிறது.

இப்போது இன்ஜெக்டரின் இரு பக்கத்துக்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் கணக்கிடுங்கள். ஒரு பக்கம் 205, மறுபக்கம் வளிமண்டலத்தைவிட 65 குறைவு. மொத்தம் 270. லாரி மேட்டில் ஏறும்போது ஓட்டுநர் பெடலை முழுக்க மிதித்தால் மெனிஃபோல்டு அழுத்தம் வளிமண்டல அளவை நெருங்கும்; பெட்ரோல் அழுத்தம் 270க்கு ஏறும்; வேறுபாடு மீண்டும் 270. மின்சாரமோ கணினியோ இல்லாமல், ஒரு சவ்வும் ஒரு சுருள்வில்லும் இந்தக் கழித்தல் கணக்கை இடைவிடாமல் செய்துகொண்டிருக்கின்றன.

வர்க்கமூலம் சொல்லும் உண்மை

ஒரு துளை வழியே பாயும் திரவத்தின் அளவு, அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அழுத்தம் 4 மடங்கானால் பாய்வு 2 மடங்கு.

ரெகுலேட்டர் மூடிய நிலையில் சிக்கி, அழுத்த வேறுபாடு 270இலிருந்து 390 கிலோபாஸ்கலுக்கு ஏறிவிட்டது என்று கொள்வோம். 390 ÷ 270 = 1.44. அதன் வர்க்கமூலம் 1.2. எஞ்சினுக்கு 20 விழுக்காடு கூடுதல் பெட்ரோல் போகிறது. வேக்குவம் ஹோஸ் மட்டும் கழன்றுபோனால்? சும்மா ஓடும்போது வேறுபாடு 270 + 65 = 335. இதே முறையில் கணக்கிட்டால் 11 விழுக்காடு கூடுதல் என்று வரும். நீங்களே சரிபாருங்கள்.

புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் உணரி இந்த மிகையைக் கண்டு கணினியிடம் சொல்லும். கணினி இன்ஜெக்டர் திறக்கும் நேரத்தைக் குறைத்துப் பார்க்கும். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. எல்லை தாண்டினால் முகப்பில் எச்சரிக்கை விளக்கு எரியும். அமெரிக்காவில் 1996 மாடல் ஆண்டிலிருந்து எல்லாப் புதிய மகிழுந்துகளுக்கும் இலகு லாரிகளுக்கும் ஒரே சீரான பிழைக் குறியீடுகள் கட்டாயமாயின. அதில் பி0172 என்றால் 'கலவையில் பெட்ரோல் அதிகம்' என்று பொருள். ஏன் அதிகம் என்று குறியீடு சொல்லாது. அதைக் கண்டுபிடிப்பது மனிதரின் வேலை.

சவ்வு கிழிந்தால் நடப்பது என்ன?

ரெகுலேட்டர் மூன்று விதமாகக் கெடலாம்.

முதலாவது, வால்வு மூடியே சிக்கிக்கொள்வது. அழுத்தம் ஏறும், பெட்ரோல் வீணாகும்.

இரண்டாவது, வால்வு சரியாக மூடாமல் இருப்பது அல்லது சுருள்வில் தளர்வது. அழுத்தம் இறங்கும், மேட்டில் லாரி இழுக்காது.

மூன்றாவதே மிக மோசமானது. சவ்வு கிழிவது. அப்போது பெட்ரோல் சவ்வைத் தாண்டி வேக்குவம் ஹோஸுக்குள் புகுந்து, இன்ஜெக்டரைக் கேட்காமலே நேராக மெனிஃபோல்டுக்குள் வடியும். நம் துப்பறியும் கதையில் கரும்புகைக்கு இதுதான் காரணம்.

எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடுகிறது. பிறகு கீழே வடிந்து எஞ்சின் எண்ணெயோடு கலக்கிறது. நீர்த்துப்போன எண்ணெயால் பேரிங்குகளைக் காக்க முடியாது. மிச்சப் பெட்ரோல் புகைக்குழாய் வழியே போய், நச்சு வாயுக்களைத் தூய்மைப்படுத்தும் கேடலிட்டிக் கன்வர்ட்டருக்குள் எரிகிறது. அங்கே உள்ள பீங்கான் தேன்கூடு அளவுக்கு மீறிச் சூடாகி உருகவும் கூடும். இன்னோர் ஆபத்தும் உண்டு. நிறுத்திய பிறகும் குழாயில் தங்கியிருக்கும் பெட்ரோல் ஒரு சிலிண்டருக்குள் வடிந்து தேங்கினால், திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது என்பதால், எஞ்சினைத் திருப்பும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம்.

சிறிய பாகம் ஒன்றைக் கவனிக்காமல் விட்டால் எஞ்சினே போய்விடும் என்பது இதனால்தான்.

ஊகம் வேண்டாம், அளந்து பாருங்கள்

நல்ல மெக்கானிக் பாகங்களை மாற்றுவதற்கு முன் அளக்கிறார். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொண்டுவரும் குழாயை ஃபியூவல் ரெயில் என்கிறோம். அதில் சைக்கிள் டயர் வால்வைப் போன்ற ஒரு வால்வு இருக்கும். அங்கே அழுத்தமானியை மாட்டுகிறார். பிறகு வரிசையாகச் சோதிக்கிறார்.

எஞ்சினை ஓட்டாமல் பம்பை மட்டும் இயக்கினால் 270 கிலோபாஸ்கலை ஒட்டி வர வேண்டும். எஞ்சினை ஓடவிட்டால் 205க்கு இறங்க வேண்டும். வேக்குவம் ஹோஸை உருவினால் உடனே 270க்கு ஏற வேண்டும். உருவியும் முள் அசையவில்லை என்றால், முதலில் ஹோஸில் உறிஞ்சல் இருக்கிறதா என்று பார்க்கிறார். இருந்தால் சந்தேகம் ரெகுலேட்டர் மீது திரும்புகிறது. உருவிய ஹோஸின் முனையில் பெட்ரோல் ஈரம் இருந்தால் வழக்கு அங்கேயே முடிந்தது. சவ்வு கிழிந்திருக்கிறது. அந்த ஹோஸுக்குள் காற்று மட்டுமே இருக்க வேண்டும்.

அழுத்தம் அதிகமாக இருந்தால் இன்னொரு சோதனை. தொட்டிக்குத் திரும்பும் குழாய் நசுங்கியோ அடைத்தோ இருந்தாலும் இதே அறிகுறி வரும். அந்த வழி தடையின்றி இருக்கிறது என்று உறுதி செய்த பிறகே ரெகுலேட்டரைக் குற்றம் சொல்ல வேண்டும்.

கவனியுங்கள், மேலே சொன்ன எண்கள் இந்த வி-8 எஞ்சினுக்கு உரியவை. அதே பிக்கப்பில் வந்த 4.9 லிட்டர் 6 சிலிண்டர் எஞ்சினுக்கு அழுத்தம் இதைவிட அதிகம். எஞ்சின் மாறினால் எண்ணும் மாறும். சேவைக் கையேட்டைப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

மாற்றுவது எப்படி?

இது நீங்கள் தனியாகச் செய்து பார்க்கும் வேலை அல்ல. பெட்ரோல் ஆவி மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் குளிரில்கூடத் தீப்பற்றக் கூடியது. அது காற்றைவிட கனமானது. தரையோடு தவழ்ந்து போய்த் தொலைவில் உள்ள தீப்பொறியைத் தேடிப்பிடிக்கும். பயிற்சி பெற்றவர் இதை எந்த வரிசையில் செய்கிறார், ஒவ்வொரு படிக்கும் காரணம் என்ன என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

1. எஞ்சின் ஆறிய பிறகு, காற்றோட்டமான இடத்தில், தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு தொடங்குகிறார். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சிந்தினால் ஆவி பெருகும்.

2. தொட்டியின் மூடியைத் திறந்து உள்ளழுத்தத்தை விடுகிறார். பம்புக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கிறார். ஃபோர்டு லாரியில், மோதல் நடந்தால் பம்பைத் தானாக நிறுத்தும் சுவிட்ச் ஒன்று உண்டு. அதன் இணைப்பை உருவினாலும் போதும். பிறகு எஞ்சினை அது தானே நிற்கும்வரை ஓட்டுகிறார். குழாயில் இருந்த அழுத்தம் இதில் தீர்ந்துவிடும்.

3. பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுகிறார். இனிமேல் மின்பொறி வராது. ரெயிலின் வால்வைத் துணியால் மூடி அமுக்கி, மிச்ச அழுத்தத்தையும் விடுகிறார். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

4. ரெகுலேட்டரைச் சுற்றியுள்ள தூசியைத் துடைக்கிறார். ஒரு மணல் துகள் ரெயிலுக்குள் போனாலும் இன்ஜெக்டர் அடைத்துக்கொள்ளும். பிறகு வேக்குவம் ஹோஸையும், அந்த ரெகுலேட்டரைப் பிடித்திருக்கும் மூன்று ஆலன் திருகுகளையும் கழற்றுகிறார்.

5. பழைய ரெகுலேட்டரோடு பழைய ஓ-ரிங்கும் வெளியே வந்துவிட்டதா என்று பார்க்கிறார். அது உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புதியதை மாட்டினால் பெட்ரோல் கசியும். எளிதில் மறந்துவிடும் படி இதுதான்.

6. புதிய ஓ-ரிங்கில் ஒரு சொட்டு சுத்தமான எஞ்சின் எண்ணெயைத் தடவுகிறார். வறண்ட ரப்பர் செருகும்போது முறுக்கிக் கிழிந்துவிடும். கேஸ்கெட் அமரும் பரப்பைச் சுத்தம் செய்து, மூன்று திருகுகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக, கையேடு சொல்லும் அளவுக்கு மட்டும் முறுக்குகிறார். சின்னத் திருகுகள், பலம் காட்டினால் மரை போய்விடும்.

7. வேக்குவம் ஹோஸ் பெட்ரோலில் ஊறி உப்பியிருந்தால் அதையும் மாற்றுகிறார். எல்லா இணைப்புகளையும் மீண்டும் கொடுத்து, எஞ்சினைத் தொடங்காமல் சாவியைச் சில முறை திறந்து மூடுகிறார். ஒவ்வொரு முறையும் பம்பு ஓரிரு வினாடி ஓடி அழுத்தம் ஏறும். இப்போது எங்கும் ஈரம் இல்லை என்று கண்ணாலும் மூக்காலும் உறுதி செய்த பிறகே எஞ்சினுக்கு உயிர் கொடுக்கிறார்.

8. அழுத்தமானியை மாட்டி முதலில் செய்த சோதனைகளையே திரும்பச் செய்கிறார். 270, 205, மீண்டும் 270. முள் பேசினால் வேலை சரி.

இதோடு முடியவில்லை. பெட்ரோல் கலந்த எஞ்சின் எண்ணெயையும் அதன் வடிகட்டியையும் மாற்றியே ஆக வேண்டும். இல்லையென்றால் நோய் தீர்ந்தும் நஞ்சு உடலிலேயே இருப்பது போலத்தான்.

செய்து பாருங்கள்: வர்க்கமூலச் சோதனை

பெட்ரோல் வேண்டாம்; தண்ணீர் போதும். 1.5 லிட்டர் பிளாஸ்டிக் புட்டியின் மேற்பகுதியை வெட்டி எடுங்கள். அடிப்பக்கத்தில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று இடுங்கள். துளையிலிருந்து 5 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கோடும், 20 சென்டிமீட்டர் உயரத்தில் இன்னொரு கோடும் போடுங்கள்.

நண்பர் ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டே நீர்மட்டத்தை 20 சென்டிமீட்டர் கோட்டில் நிறுத்தி வைக்கட்டும். துளை வழியே 10 வினாடியில் வெளியேறும் நீரை அளவுக் குவளையில் பிடியுங்கள். பிறகு 5 சென்டிமீட்டர் கோட்டில் நிறுத்தி அதையே செய்யுங்கள். உயரம் 4 மடங்கு. அதனால் அழுத்தமும் 4 மடங்கு. ஆனால் கிடைத்த நீர்? ஏறத்தாழ 2 மடங்குதான் இருக்கும். நீர்மட்டத்தை ஒரே கோட்டில் நிறுத்த உங்கள் நண்பர் படும் பாட்டையும் கவனியுங்கள். அந்த வேலையைத்தான் ரெகுலேட்டர் செய்கிறது.

இன்றைய வாகனங்களில் எங்கே போனது?

எஞ்சின் அருகே சூடான பெட்ரோல் தொட்டிக்குத் திரும்பிக்கொண்டே இருந்தால் தொட்டியில் உள்ள பெட்ரோலும் சூடாகும், ஆவி அதிகமாகும், அது காற்றை மாசுபடுத்தும். இதைக் குறைக்க, 1990களின் பிற்பகுதியிலிருந்து பல நிறுவனங்கள் திரும்பு குழாயையே நீக்கிவிட்டு ரெகுலேட்டரைத் தொட்டிக்குள் வைக்கத் தொடங்கின. வேறு சில வாகனங்களில் ஓர் உணரி அழுத்தத்தை அளக்க, கணினியே பம்பின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது. சுருள்வில் செய்த கணக்கை இப்போது மின்னணு செய்கிறது. அளக்கிறோம், ஒப்பிடுகிறோம், திருத்துகிறோம் என்ற தத்துவம் மட்டும் மாறவில்லை.

அடுத்த முறை சமையலறையில் குக்கர் விசில் அடிக்கும்போது நின்று யோசியுங்கள். உங்களைச் சுற்றி இப்படித் தன்னைத் தானே சீராக்கிக்கொள்ளும் பொருள்கள் இன்னும் எத்தனை இருக்கின்றன? கழிவறைத் தண்ணீர்த் தொட்டியின் மிதவை, எரிவாயுச் சிலிண்டரின் தலையில் இருக்கும் ரெகுலேட்டர், குளிர்பதனப் பெட்டியின் வெப்பநிலைக் கட்டுப்பாடு... பட்டியலை நீங்கள் தொடருங்கள். ஒவ்வொன்றிலும் எது அளக்கிறது, எது திருத்துகிறது, அது கெட்டால் முதலில் என்ன அறிகுறி தெரியும் என்று எழுதிப் பாருங்கள்.